படத்தில் கேட்ட வயலின்: நோட்டு இல்லாத இசையை எழுதிக்கொள்வது எப்படி?

மலையகத்தில் வயலின் பழகும் பிள்ளைக்கு ஒரு கேள்வி தப்பாமல் வரும். தீபாவளிக்கோ தோட்டத்துத் தேர்த் திருவிழாவுக்கோ வந்திருக்கும் மாமா, மூலையில் இருக்கும் வயலின் பெட்டியைக் கண்டதும், “எங்க புள்ள, அந்தப் படத்துல வருமே ஒரு வயலினு, அத வாசி பாப்போம்” என்பார். பிள்ளைக்குச் சரளி வரிசை தெரியும். ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் தெரியும். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்காகப் பழகிய வர்ணமும் மனப்பாடமாக இருக்கும். மாமா கேட்ட இசை மட்டும் கையில் இராது.

அதற்கு நோட்டு எங்கே கிடைக்கும் என்று ஆசிரியரைக் கேட்டால், அவரிடமும் இராது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அதை விற்கும் கடை இல்லை. கொழும்புக்குப் போய்த் தேடினாலும் மேல்நாட்டுப் படங்களின் இசைத்தாள் அகப்படலாம். தமிழ்ப்படத்து வயலின் அகப்படுவது அரிது. இணையத்தில் தேடினால் யாரோ பியானோவுக்கு எழுதி ஏற்றிய பிரதி வரும். அதில் பாதிச் சுவரங்கள் பிழையாக இருக்கும்.

அந்த நோட்டை நாமே எழுதிக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய கல்வியில் பெரும்பகுதி பரீட்சைக்குப் பழகும் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. எங்கே தொடங்குவது, எதை எப்படி எழுதுவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஏன் அச்சில் இல்லை?

தமிழ்த் திரையிசை எழுதப்படாத இசை என்று நினைத்துவிடக் கூடாது. இளையராஜா தம் வாத்திய இசையை மேல்நாட்டு ஐந்துகோட்டு முறையில் தாமே எழுதுபவர். அவர் எழுதியதைப் பார்த்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள் பிரதி செய்யப்படும். வயலின்காரருக்கு வயலின் வரி மட்டும், செலோகாரருக்குச் செலோ வரி மட்டும். ஒலிப்பதிவு முடிந்ததும் அந்தத் தாளின் வேலையும் முடிந்துவிடும். கடையில் விற்கும் புத்தகமாக அவை பெரும்பாலும் வரவில்லை. ரசிகனுக்குப் போய்ச் சேர்ந்ததெல்லாம் இசைத்தட்டும் கசட்டும் இலங்கை வானொலியும்தான்.

மேல்நாட்டில் நிலைமை வேறு. ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ (1993) படத்துக்கு ஜோன் வில்லியம்ஸ் அமைத்த இசையில் தனி வயலினை வாசித்தவர் இட்சாக் பெர்ல்மன். அந்தப் படத்தின் மூன்று பகுதிகள் வயலினுக்கும் பியானோவுக்குமாக அச்சில் கிடைக்கின்றன. ‘த ரெட் வயலின்’ (1998) படத்துக்கு ஜோன் கொரிலியானோ இசையமைத்தார். ஜோசுவா பெல் வாசித்தார். அதே இசையிலிருந்து துணை வாத்தியம் எதுவும் இல்லாத தனி வயலினுக்கென்று ஒரு படைப்பையும் கொரிலியானோ எழுதி வெளியிட்டார். பணம் கொடுத்தால் அந்தத் தாள் வரும். நம் படங்களுக்கு அந்த வசதி இல்லாததால், செவிதான் வழி.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வயலின் கர்நாடக இசைக்குள் வந்ததே இப்படித்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்குப் பழக்கியவர்களில் முன்னவர். ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். ‘நோட்டு ஸ்வரம்’ என்று இன்றும் ஆரம்ப மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் உருப்படிகள் அவைதாம். வேறோர் இசையைக் காதால் வாங்கித் தம் முறைக்குக் கொண்டுவந்த அந்த வேலையைத்தான் நாமும் செய்யப்போகிறோம்.

எதை எடுத்துத் தொடங்குவது?

முதல் முயற்சிக்கு எடுக்கும் இசையில் வயலின் தெளிவாக முன்னே நிற்க வேண்டும். நாற்பது வயலின்கள் சேர்ந்து முழங்கும் சண்டைக்காட்சி இசையைத் தொடக்கத்தில் எடுத்தால் மனம் சோர்ந்துபோகும். மூன்று இடங்களைச் சொல்லலாம்.

ஒன்று, ‘ராஜ பார்வை’ (1981). சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய இந்தப் படத்தில் கமல்ஹாசன் பார்வையற்ற வயலின் கலைஞராக நடித்தார். இசை இளையராஜா. திரையில் கமல் வில் பிடிக்க, உண்மையில் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். கதையின் நாயகன் தாளைப் பார்த்து வாசிக்க முடியாதவன், செவியை நம்பி வாழ்பவன். கேட்டு எழுதப் பழகுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

இரண்டு, இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பு. அதிலும் வயலின் நரசிம்மன்தான். படத்துக்காகச் செய்ததல்ல என்றாலும், பாலு மகேந்திரா அந்த இசையைத் தம் ‘வீடு’ படத்தின் பின்னணியில் பயன்படுத்தினார். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் எடுத்த படம் அது. இதில் ஒரு வசதி உண்டு. படத்தில் வசனத்துக்கு அடியில் கேட்பதை, இசைத்தொகுப்பில் இடைஞ்சல் இல்லாமல் கேட்கலாம்.

மூன்று, ‘பேசும் படம்’ (1987). இதையும் இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ், நடித்தவர் கமல். படம் முழுவதிலும் வசனமே கிடையாது. அதனால் பின்னணி இசை பேச்சுக்குள் அமிழ்ந்துபோவதில்லை. இசையமைத்தவர் எல். வைத்தியநாதன். ‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையும் அவருடையதே. அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்த வயலின் வித்துவான். 1958 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. வைத்தியநாதனின் தம்பியர் எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் உலகறிந்த வயலின் கலைஞர்கள். ‘சலாம் பாம்பே’ (1988) படத்துக்கு இசை சுப்பிரமணியம்தான். நாம் தேடும் திரை வயலினில் ஒரு பங்கு இலங்கையில் வளர்ந்த கைகளிலிருந்து வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

முதல் வேலை: இடத்தைக் குறிப்பது

ஒரு படத்தின் முக்கிய இசை ஒரே தடவை வந்து போவதில்லை. எழுத்து ஓடும்போது ஒரு முறை, நாயகி போகும்போது ஒரு முறை, இறுதியில் ஒரு முறை என்று வெவ்வேறு வாத்தியத்தில், வெவ்வேறு வேகத்தில் திரும்பி வரும். முதலில் படத்தை ஓடவிட்டு, அது வரும் இடங்களையெல்லாம் மணி, நிமிடம், வினாடியோடு கொப்பியில் குறித்துக்கொள்ள வேண்டும். பேச்சு இல்லாத இடம், வயலின் தனித்து நிற்கும் இடம், மெதுவாக வரும் இடம் ஆகியவற்றைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். எழுதுவது அந்த இடத்தைப் பார்த்துத்தான். மற்ற இடங்கள் சரிபார்க்க உதவும்.

அடுத்தது கேட்கும் வசதி. கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கீழ்ச்சுருதி ஒலிகள் ஏறக்குறைய கேட்பதே இல்லை. பேஸ் கிட்டாரும் செலோவும் போய்விட்டால், மெட்டு எந்தச் சுவரத்தில் நிலைகொள்கிறது என்பது பிடிபடாது. லயத்துத் தகரக் கூரையில் மழை அடிக்கும் நேரத்தில் வயலினே கேட்காது. மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளைப் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை அந்த மழையோடுதான் வாழ வேண்டும். காதில் மாட்டும் இயர்போன் சாதாரணமானதாக இருந்தாலும் போதும். இரண்டு சிக்கலும் தீரும்.

யூடியூபில் ஓட்ட வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. பாதி வேகத்திலோ முக்கால் வேகத்திலோ வைத்தாலும் சுருதி மாறாது. இணைய டேட்டா செலவாகிறதென்றால், நான்கு வினாடித் துண்டைக் கைத்தொலைபேசியில் பதிந்துவைத்து அதையே திரும்பத் திரும்பக் கேட்கலாம். கணினி கிடைத்தால் ‘ஓடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கலாம்.

ஷட்ஜம் எங்கே?

எழுதத் தொடங்குமுன் தீர்க்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். ‘ஸ’ எது என்று தெரிந்துவிட்டால் மற்றவை தாமாக இடம் பிடிக்கும். மெட்டு எங்கே போய் ஓய்கிறது என்று பாருங்கள். கடைசியில் நிற்கும் சுவரத்தை முணுமுணுத்துக்கொண்டு, கைத்தொலைபேசியில் இருக்கும் சுருதிப்பெட்டிச் செயலியை 1 கட்டையிலிருந்து ஏற்றிக்கொண்டே போங்கள். எந்தக் கட்டையில் முணுமுணுப்பும் சுருதியும் ஒன்றாகக் கரைகின்றனவோ, பெரும்பாலும் அதுதான் ஷட்ஜம். 1 கட்டை மேல்நாட்டு முறையில் சி. 2 கட்டை டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி.

சில நேரம் எந்தக் கட்டையிலும் பொருந்தாது. பிள்ளை தன் காதைத்தான் சந்தேகிக்கும். பிழை காதில் இல்லாமல் இருக்கலாம். திரைப்படம் வினாடிக்கு 24 படச்சட்டங்களாக எடுக்கப்படுகிறது. இலங்கையும் இந்தியாவும் பின்பற்றிய பி.ஏ.எல். தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25. படத்தை அந்த முறைக்கு மாற்றும்போது ஓட்டத்தையே சற்று வேகப்படுத்திவிடுவது வழக்கம். வேகம் 4 சதவீதம் கூடினால், சுருதி ஓர் அரைச்சுவர இடைவெளியில் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்துவிடும். டி.வி.டி.யிலிருந்து யூடியூபுக்குப் போன படங்களில் இந்த வேறுபாடு அப்படியே இருக்கும். கசட்டிலிருந்து ஏற்றியவற்றில் பழைய இயந்திரத்தின் ஓட்டத்துக்கேற்ப ஏற்ற இறக்கம் இருக்கும். அதனால் ஒரே இசையை இரண்டு மூன்று பதிவுகளில் கேட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம். சுவரங்களுக்கு இடையிலான தூரம்தான் முக்கியம். அது எந்தப் பதிவிலும் மாறாது.

வயலினை எப்படிச் சுருதி சேர்ப்பது?

மேல்நாட்டு முறையில் வயலினின் நான்கு தந்திகளும் கீழிருந்து ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொன்றும் அடுத்ததற்குப் பஞ்சம தூரம். கர்நாடக முறையில் ஸ, ப, ஸ, ப. திரையிசை வயலின் முதல் முறையில் வாசிக்கப்பட்டது. நம் பிள்ளை பழகுவது இரண்டாவது முறை. இணையத்தில் கிடைக்கும் விரல் குறிப்புகளைப் பார்த்து வாசித்தால் சுவரம் தப்பிப்போவதற்கு முதற்காரணம் இதுவே.

இரண்டு வயலின் வைத்திருக்கும் வீடு தோட்டத்தில் எங்கே இருக்கிறது? ஒரே வயலினில் இரண்டு முறைக்கும் போய்வரும் எளிய வழி, 5 கட்டைச் சுருதி. பெண்குரலுக்கு வழக்கமாக வைப்பதும் அதுதான். ஜியை ஷட்ஜமாக வைத்தால் தந்திகள் ஜி, டி, ஜி, டி என்று வரும். கீழ் இரண்டு தந்திகளும் மேல்நாட்டு முறையில் இருப்பவையே. மேல் இரண்டை மட்டும், ஏயை ஜிக்கும் ஈயை டிக்கும், ஒவ்வொரு முழுச்சுவரம் தளர்த்தினால் போதும்.

மலையகத்துக்கு இது இன்னொரு வகையிலும் உதவும். ஈரக்காற்றில் மரம் ஊதும், பிருடை இறுகிக்கொள்ளும். நான்கு பிருடைகளையும் அடிக்கடி முறுக்கினால் தந்தி அறும், குதிரை சாயும். வெயில் காலத்தில் அதே பிருடை வழுக்கும். முறுக்குவதைக் குறைக்கக் குறைக்க வயலினுக்கு நல்லது. படத்தோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால்தான் படத்தின் சுருதி தேவை. தனியே வாசிப்பதற்கு, படத்தில் எந்தக் கட்டையில் இருந்தாலும் 5 கட்டைக்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

கொப்பியில் எழுதுவது

பலரும் முதலில் சுவரத்தைத் தேடுவார்கள். தாளத்தை முதலில் எழுதுவதே நல்லது. கையால் தட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஒலியும் எத்தனை எண்ணிக்கை நிற்கிறது என்பதைக் கோடுகளாகப் போடுங்கள். நீளம் சரியாக இருந்தால் ஒரு சுவரம் பிழைத்தாலும் மெட்டு அடையாளம் தெரியும். நீளம் பிழைத்தால், சுவரம் எல்லாம் சரியாக இருந்தும் மாமாவுக்கு அது எந்தப் படம் என்று விளங்காது.

பிறகு சுவரம். சங்கீதக் கொப்பியில் எழுதிப் பழகிய குறிகளே போதும். காற்புள்ளி ஓர் எண்ணிக்கை நீட்சி, அரைப்புள்ளி இரண்டு. மேல்ஸ்தாயிக்கு எழுத்தின் மேலே புள்ளி. கீழ்ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டால் இரட்டை வேகம். விளக்கத்துக்காக நாமே செய்த எட்டு எண்ணிக்கைத் துண்டு ஒன்று:

ப , க ரி | ஸ , , , |

பஞ்சமம் இரண்டு எண்ணிக்கை, காந்தாரம் ஒன்று, ரிஷபம் ஒன்று, ஷட்ஜம் நான்கு. 5 கட்டைச் சுருதியில் பஞ்சமம் வெறும் முதல் தந்தி. காந்தாரமும் ரிஷபமும் இரண்டாம் தந்தியில் விரல் வைத்து வருபவை. ஷட்ஜம் வெறும் இரண்டாம் தந்தி. எழுதியதை உடனே வாசித்துப் பார்க்க முடிகிறதல்லவா? அதுதான் இந்த முறையின் பலம்.

எந்தக் காந்தாரம், எந்த நிஷாதம் என்பதை எண் போட்டுக் குறிக்க வேண்டும். இங்கே மேளகர்த்தா படித்தது கைகொடுக்கும். மேல்நாட்டு மேஜர் அளவுகோலின் சுவரங்கள் 29ஆவது மேளமான சங்கராபரணத்தின் சுவரங்களே. மைனரில் ஒரு வகை 20ஆவது மேளமான நடபைரவி. இன்னொன்று 21ஆவது கீரவாணி. திரையிசையில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் தொடங்கிவிடும். ஆகவே முதலில் காந்தாரத்தைப் பாருங்கள். அந்தரமா, சாதாரணமா என்பது தெரிந்தால் பாதை பிரிந்துவிடும். அடுத்தது நிஷாதம்.

சங்கடம் தருகிற இடம் ஒன்று உண்டு. வர்ணத்தில் ராகம் மாறாது. திரையிசை அப்படிக் கட்டுப்படாது. நடுவில் ஓரிடத்தில் வேறு காந்தாரம் தலைகாட்டும். சில வேளை ஷட்ஜமே இடம்பெயரும். அப்போது “ராகத்தில் இது வராதே” என்று கேட்டதைத் திருத்தி எழுதிவிடக் கூடாது. கேட்டதைத்தான் எழுத வேண்டும். ஷட்ஜம் நிரந்தரமாக நகர்ந்துவிட்டால், அந்த இடத்தில் கோடு போட்டு, பழைய ‘ப’ இனி ‘ஸ’ என்பது போல ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு தொடரலாம்.

கடைசியாக வில். எத்தனை சுவரம் ஒரே இழுப்பில் வருகிறது, எங்கே வில் திரும்புகிறது என்பதைச் சுவரங்களுக்கு மேலே வளைகோடாகப் போடுங்கள். திரை வயலினின் உணர்ச்சியில் பாதி அந்த வில்லில்தான் இருக்கிறது. நமக்குப் பழகிய கமகத்தை எல்லாச் சுவரத்திலும் ஏற்றினால் அது வேறு இசையாகிவிடும். அசையாமல் நிற்கிற சுவரத்தை அசையாமலே நிறுத்துவதும் ஒரு பயிற்சி.

ஒற்றை வயலினுக்கு மாற்றுவது

எழுதி முடித்து வாசித்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். படத்தில் நெஞ்சை அடைத்த இசை, அறைக்குள் மெலிந்து கேட்கும். சுவரம் பிழையில்லை. படத்தில் வயலினுக்குக் கீழே செலோ இருந்தது, கிட்டார் இருந்தது, பக்கத்தில் புல்லாங்குழல் பதில் சொன்னது. அதெல்லாம் இப்போது இல்லை.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வெறுந்தந்தி. மெட்டு இரண்டாம் தந்தியில் போகும்போது பக்கத்துப் பஞ்சமத் தந்தியையும் வில் லேசாகத் தொட்டால் கீழே ஒரு தளம் கிடைக்கும். ஸ, ப சுருதியில் இது எளிது. ஆனால் பஞ்சமம் முரண்படும் இடத்தில் வில்லைத் தூக்கிவிட வேண்டும். இரண்டாவது, இடைவெளியை நிரப்புவது. வயலின் ஓய்ந்திருக்கையில் புல்லாங்குழல் என்ன சொல்கிறதோ அதையும் எழுதி, மேல்ஸ்தாயியில் மெதுவாக வாசிக்கலாம். பேஸ் வரியை விரலால் மீட்டலாம். மூன்றாவது, திரும்பி வருவதை மாற்றுவது. முதல் தடவை கீழ்ஸ்தாயி, இரண்டாம் தடவை மேல்ஸ்தாயி என்று வைத்தால் ஒரே மெட்டு இரண்டு முறை கேட்டும் சலிக்காது.

எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை. எதை விடுவது என்று முடிவெடுப்பதும் எழுதுபவரின் வேலையே. வாசிப்பவரின் கைக்கு எட்டாத இரட்டைத் தந்தியைவிட, சுத்தமாக விழும் ஒற்றைச் சுவரம் மேல்.

எழுதிய தாளை ஒரு நாள் மூடிவைத்துவிட்டு, மறுநாள் படத்தைக் கேட்காமல் தாளை மட்டும் பார்த்து வாசியுங்கள். நினைவில் இருந்தவை தாளில் இல்லாமல் போன இடங்கள் அப்போது தெரியவரும். அதைவிட நல்ல சோதனை, கூடப் பழகும் இன்னொருவரிடம் தாளைக் கொடுப்பது. அவர் வாசிப்பதைக் கேட்ட வீட்டார் படத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் தாள் சரி.

உரிமை யாருடையது?

இந்த இசைக்கு உரிமையாளர் உண்டு என்பதை மறக்கக் கூடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பாளியின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது. 2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் மேடை நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்தபோது, தம் பாடல்களை அனுமதியின்றிப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பு சட்டத்தரணி மூலம் அறிவித்தல் அனுப்பியது. பழகுவதற்காக வீட்டில் எழுதிக்கொள்வது ஒன்று. அதே தாளை அச்சடித்து விற்பதும், இணையத்தில் ஏற்றிப் பணம் பெறுவதும், கட்டண மேடையில் வாசிப்பதும் வேறு. அவற்றுக்கு அனுமதி வேண்டும். தாளின் தலைப்பில் படத்தின் பெயர், ஆண்டு, இசையமைப்பாளர், வாசித்த கலைஞர் ஆகியவற்றை எழுதும் பழக்கத்தை முதல் தாளிலிருந்தே பிள்ளைக்கு ஏற்படுத்த வேண்டும். திரையில் பெயர் வராத வயலின்காரர்கள் ஏராளம். அவர்களில் ஒருவரின் பெயராவது ஒரு கொப்பியில் நிற்கட்டும்.

“சினிமா வாசிச்சா கை கெட்டுப்போகும்”

இப்படிச் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கவலையில் நியாயமும் உண்டு. பரீட்சை நெருங்குகையில் பிள்ளை வர்ணத்தை விட்டுவிட்டுப் படப்பாட்டோடு உட்கார்ந்தால் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர்தான். ஆனால் விசுவநாதனோடு இணைந்து இசையமைத்த டி.கே. ராமமூர்த்தி வயலின் கலைஞர். குன்னக்குடி வைத்தியநாதன் கச்சேரி மேடையிலேயே திரைப்பாடலை வாசித்தவர். ‘வா ராஜா வா’ (1969) முதலான படங்களுக்கு இசையும் அமைத்தவர். அவர்கள் கை கெட்டுப்போகவில்லை.

மலையகத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாத் தோட்டப் பாடசாலையிலும் வயலின் ஆசிரியர் இல்லை. தமிழில் கர்நாடக இசையைப் பட்டப்படிப்பாகப் படிக்க யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போக வேண்டும். பரீட்சைக்கு அப்பால் அந்த வயலின் பெட்டிக்குள் தூங்கிவிடுவதற்கான காரணங்கள் நிறைய. ஆசிரியர் இல்லாத வாரத்திலும் பிள்ளையைப் பெட்டியைத் திறக்கவைப்பது, தான் வாசிக்க விரும்பும் இசை ஒன்றுதான். கேட்டதை எழுதத் தெரிந்த பிள்ளை, அடுத்த பாடத்துக்காக யாரையும் காத்திருக்க வேண்டியதில்லை.

எழுதக் கற்ற செவி படத்தோடு நின்றுவிடவும் வேண்டியதில்லை. 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் பாடல்களைத் தேடிச் சேர்த்து நூலாக்கினார். அவர் செய்யாதிருந்தால் அந்தச் சொற்களில் பல இன்று நமக்குக் கிடைத்திரா. ஆனால் அச்சுப் பக்கத்தில் சொல் தங்கும், மெட்டு தங்காது. தாலாட்டை அம்மாச்சி எந்தச் சுவரத்தில் இழுத்தார், காமன் கூத்தில் தப்பு எந்த நடையில் விழுந்தது, ஒப்பாரியில் குரல் எங்கே இறங்கியது என்பதெல்லாம் பாடியவரோடு போய்விடக்கூடியவை.

படத்து வயலினுக்கு நோட்டு இல்லை என்றாலும் பதிவு இருக்கிறது. நாளைக்கும் கேட்கலாம். அம்மாச்சியின் பாட்டுக்குப் பெரும்பாலும் பதிவும் இல்லை. அவர் குரல் எந்தக் கட்டைக்கும் சரியாக அடங்காது. சுவரங்களுக்கு நடுவே வழுக்கும். எழுதுவது படத்து இசையைவிடக் கடினம். ஆனால் வழி ஒன்றே: முதலில் பதிவு செய்வது, ஓய்கிற சுவரத்தைத் தேடுவது, தாளத்தைக் கோடு போடுவது, பிறகு சுவரம்.

மாமா கேட்ட இசையை எழுதி முடித்த கொப்பியில் அடுத்த பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். கூடத்தில் அம்மாச்சி கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எதையோ முணுமுணுக்கும்போது, பிள்ளை கைத்தொலைபேசியை எடுத்து அவர் பக்கத்தில் உட்காரட்டும்.